அறுபதைத் தாண்டிய அரை ரூபாய்

என் கணவர் போலீஸ்காரர். ஆயுத பூஜை வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பைக், மிக்ஸி, தையல் மெஷின், கேஸ் அடுப்பு, எதையும் விட மாட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். போன வருஷம் என் சேகரிப்பில் இருக்கிற பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்து வெள்ளி அரை ரூபாய்க்கும் வைத்துவிட்டார். காசின் மேல் அல்ல, அது இருந்த பிளாஸ்டிக் பெட்டியின் மேல். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அந்தப் பெட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய், பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் தேய்த்துக் கழுவினார்.

"என்னத்தங்க செஞ்சு வச்சிருக்கீய?"

"கறை போவலட்டி. அதான் நல்லா அழுத்தித் தேச்சேன்" என்றார், பெருமையாக.

நாணயம் சேர்க்காதவர்களுக்கு என் கோபம் புரியாது. ஒரு காசை கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பினால், அது அசலா என்று சோதித்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அந்த எண் அச்சிட்ட சீட்டோடு கெட்டி பிளாஸ்டிக்கில் வைத்து மூடித் தருவார்கள். ஸ்லாப் என்போம். அறுபதோ அதற்கு மேலோ வாங்கினால், அது சந்தையில் புழங்காத காசு. தேய்த்துக் கழுவிய காசுக்கோ மதிப்பெண்ணே கிடையாது. 'கழுவப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செங்கோட்டையில் ஒரு நகைக்கடையில், உருக்கப் போகிற வெள்ளிக் குவியலிலிருந்து நானே பொறுக்கி எடுத்த காசு இது. ஐம்பத்தெட்டு வாங்கியிருந்தது. இப்போது பெட்டி முழுக்கக் கீறல். உள்ளே தண்ணீர் போயிருந்தால் காசும் போச்சு.

இந்த வருஷம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் நாணயக்காரர்கள் கூடினோம். அத்தனை ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண். பழங்காசு வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் என் ஸ்லாபை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ள தண்ணி எறங்கியிருக்கும். மொதல்லயே தாராளமாத்தான் மார்க் போட்டிருக்காங்க. பேசாம பொட்டிய மட்டும் மாத்திக்கோ. இல்லன்னா எங்கிட்ட தள்ளிவிட்டுரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் சொன்ன வழியும் உண்டு. பழைய மதிப்பெண்ணோடு புதுப் பெட்டி மட்டும் கேட்கலாம். செலவும் குறைவு, பயமும் குறைவு. இல்லையென்றால், பெட்டியை உடைத்து, பழைய எண்ணை மறந்துவிட்டுப் புதிதாக மதிப்பிடச் சொல்லலாம். எண் ஏறலாம், இறங்கலாம், இல்லாமலே போகலாம். எனக்கு எப்போதும் மூக்குமேல் கோபம். உடைத்தே பாருங்கள் என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

பார்சல் போன பிறகுதான் யோசித்தேன். எண் இறங்கி வந்தால் அந்த மாடிப்படியில் நான் எப்படி ஏறுவேன்? தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே அந்த நிறுவனத்தின் தளத்தைத் திறந்து பார்த்தேன். 'பரிசீலனையில்' என்றே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போயிருந்தோம். அவர் குளிக்கப் போனார். நான் மங்குஸ்தான் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. திறந்து பார்த்தால் அறுபத்தொன்று! கழுவிய குறிப்பு எதுவும் இல்லை. கடைக்காரி பயந்து எழுந்திருக்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

"என்னாச்சுக்கா?"

"புழங்காத காசுன்னு சொல்லிட்டாங்க!"

அவள் எனக்குக் கிறுக்கு என்றே முடிவு கட்டியிருப்பாள். பேரத்தை விட்டுவிட்டு அவள் சொன்ன விலைக்கே வாங்கினேன். ஈரத் தலையோடு வந்த கணவர் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் தேச்சதுல ஒண்ணும் ஆகலையா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். இத்தனை நாளும் அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு மங்குஸ்தானை உரித்து அவர் வாயில் போட்டேன்.

சாரல் முடிகிற சமயத்தில் மறுபடி கூட்டம். கீறல் இல்லாத புது ஸ்லாபை அண்ணாச்சியின் கையிலேயே கொடுத்தேன். எண்ணைப் பார்த்தார். லென்ஸை எடுத்துக் காசைப் பார்த்தார். அதில் பதித்திருந்த திருவிதாங்கூர் சங்கைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், திருப்பி வைத்து மறுபடியும் பார்த்தார். மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"எனக்குத் தாரியா தங்கச்சி? நீ சொல்லுததுதான் வெல."

"பாக்கதுக்குத்தான் கொண்டாந்தேன் அண்ணாச்சி" என்று கையை நீட்டினேன். "பாத்துட்டீயள்லா, குடுங்க."