உள்பக்கம் திறந்த கதவு

அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு, கள்ளக்குறிச்சி வீட்டுச் சின்னக் குளியலறையை மாற்றினேன். வாசற்படியை எடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே ஷவரில் குளிக்கும் அறையாக்கினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பிளானையும் நானே வரைந்தேன்.

வேலைக்கு வந்த மேஸ்திரி ஒல்லியானவர். புருவமெல்லாம் சிமெண்டுத் தூள். ஒட்டிய டைல்ஸ் காய்ந்ததும் சோப்புத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலில் நடந்து பார்ப்பார்.

கடைசி நாள் கேட்டார். "கதவு இன்னாத்துக்குமா உள்ள தொறக்குது?"

"படிச்ச புள்ள போட்ட பிளானு, கொற சொல்லாத மேஸ்திரி" என்று அம்மா நாற்காலியில் இருந்தபடி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "நான் வுழுந்து கெடக்கறேன். இப்ப தொறங்க."

தள்ளினேன். அவர் உடம்பு தடுத்தது. கதவு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"போதும், எந்திரிங்க மேஸ்திரி."

கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன், கத்தினேன். உள்ளே கிடப்பது அம்மா என்றே தோன்றிவிட்டது.

ஒருவழியாக அவரே எழுந்து வெளியே வந்தார். "வெளிய தொறக்கறாப்ல மாத்திடறேம்மா" என்றார்.

பிறகு கதவை மறுபடி சாத்தி, நான் இடித்த இடத்தில் தன் தோளை வைத்து நின்றார். அவர் முன்பு எந்த வீட்டில், யாருக்காகக் கதவைத் தள்ளினாரோ, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.