மகளின் குறைந்த மார்க்குக்காக ஸ்தோத்திரம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பிள்ளையை எனக்குத் திரும்பக் கொடுத்தவரைத் துதித்துவிட்டுத் தொடங்குகிறேன்.

என் மகள் கிருபாவுக்கு வயது பதின்மூன்று. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. நான் ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். கணவர் வாலாஜாபாத் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறார். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வேலையை விடவும் வழியில்லை. போன வருடம் ஜூன் மாதம், கம்பெனி பஸ் போகும் வழியிலேயே ஒரு சிறப்புப் பள்ளி இருப்பது தெரிந்து, ஜெபித்துக்கொண்டு போய் நின்றேன்.

அங்கே சின்ன வயசு மேடம் ஒருவர் ஃபாரம் ஒன்றை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். "அறிவு ஒரு வயசுல இருக்கும்மா, மனசு வேற வயசுல இருக்கும். ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும். கூடவே இருக்கிற நீங்க சொல்றதை வச்சுத்தான் எழுத முடியும்" என்றார். நீங்கள் கண்ணில் படாவிட்டால் என்ன செய்வாள்? பயந்தால் என்ன செய்வாள்? கோபம் வந்தால் யாரிடம் போவாள்? ஒவ்வொன்றாகக் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் கம்பெனி லைனில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆடிட் வருகிற நாளில், செக் ஷீட்டில் சாயங்காலம் வரைக்கும் காலையிலேயே ஓகே டிக் போட்டுவிடுவோம். வயரைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டோம். பழகின கை பிள்ளைக்கும் அதையே செய்தது.

"நான் இல்லன்னா அமைதியா விளையாடுவா மேடம். பயந்தா பெரியவங்ககிட்ட வந்து சொல்லுவா மேடம்."

மேடம் எழுதிக்கொண்டார். பதில்களுக்கு மார்க் போட்டுக் கூட்டினார், நிறைய வந்தது. கிருபாவைப் பெரிய பிள்ளைகள் வகுப்பில் போட்டார்கள். பள்ளி விட்டதும் அந்த வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பெற்றோருக்காகக் காத்திருப்பார்கள். சொன்னபடி இருக்கக்கூடியவர்கள் என்பதால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்பதில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, இடம் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் என்று வேறு சொன்னேன். என் துணிச்சலைப் பாருங்கள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்ட் மூன்று மணிக்கு முடிந்தது. ஆள் குறைவு என்று ஓவர்டைம் பார்க்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பினேன். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில்தான் இருக்கும். மூன்றே முக்கால் இருக்கும், சூப்பர்வைசர் தம்பி வேகமாக வந்தார்.

"அக்கா, ஸ்கூல்லேர்ந்து ஆபீசுக்குப் போன். பாப்பா உங்ககூட வந்துட்டாளான்னு கேக்குறாங்க."

என்கூட எப்படி வருவாள்? லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, கம்பெனியில் போடும் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடினேன். மூன்றரை மணிவரை பெஞ்சில்தான் இருந்தாளாம், இப்போது அங்கே அவள் பை மட்டும் இருந்தது. அடையாள அட்டையும் என் போன் நம்பரும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தன. ஆயாக்கள் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வெளியே கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. அந்தப் பக்கம் ஏரி. ஒவ்வொரு லாரி பிரேக் போடும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வயதுக்கு வந்த பெண்பிள்ளை, யார் கூப்பிட்டாலும் போகிறவள். என் மனசு எங்கெல்லாம் போயிருக்கும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கூட்ரோடு சந்திப்பில் டிராஃபிக் பார்த்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒருவரிடம் போய் விழுந்தேன்.

"அழுவாத. கொயந்த பயந்துச்சுன்னா இன்னா பண்ணும்? ஓடுமா, ஒளிஞ்சிக்குமா? கரெக்டா சொல்லு, அப்பத்தான் தேட முடியும்" என்றார்.

அதே கேள்வி. "பயந்தா பெரியவங்ககிட்ட வந்து..." என்று என் வாய் தானாக ஆரம்பித்தது. அந்த இடத்தில்தான் நான் நொறுங்கினேன். ரோட்டோரத்தில் நின்று, ஆயிரம் பேர் பார்க்க, சத்தமாகவே ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். என் பொய்க்கு என் பிள்ளையைக் கேட்காதேயும். இந்த வாயில் உண்மையை வையும்."

அவ்வளவுதான் ஜெபம். பிறகு வாய் திறந்தது.

"இல்லம்மா. அவ யாராண்டயும் சொல்ல மாட்டா. கத்தக்கூட மாட்டா. நான் கண்ணுல படலன்னா இந்தக் கோட்டைத் தேடுவா. கொடியில காயற கோட்டுல மூஞ்சியப் பொதைச்சிக்கினு நிப்பாம்மா. ரெண்டு வயசுக் கொயந்த மாதிரி அவ."

அவர் என் நீலக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் கோட்டு போட்டவங்க மூணரை மணிக்கு இந்த ரோட்டுல எங்க இருப்பாங்க?"

பஸ்ஸில்! முதல் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் பள்ளி வாசலில்தான் நின்று எங்கள் கம்பெனிப் பெண்களை இறக்கிவிட்டுப் போகும். நானும் தினம் அதில்தான் வந்து இறங்குவேன். போனை எடுத்து சூப்பர்வைசருக்குப் போட்டேன். அவர் டிரைவர்களுக்குப் போட்டார். முதல் பஸ்ஸில் இல்லை. இரண்டாவது பஸ்ஸிலும் இல்லை. மூன்றாவது டிரைவர் போனை எடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில், பிள்ளை கிடைத்தால் போதும், வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

பிறகு போன் வந்தது. பஸ் குன்றத்தூர் கடைசி ஸ்டாப்பில் நிற்கிறது, பின் சீட்டில் இரண்டு பேர் இறங்கவில்லை என்றார்கள்.

போலீஸம்மாவே ஆட்டோ ஏற்றி அனுப்பினார். போய்ப் பார்க்கிறேன், தெற்கத்திப் பெண் ஒருத்தி, எங்கள் கம்பெனிதான், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறவள், உட்கார்ந்திருக்கிறாள். அவள் கோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து முகத்தைப் புதைத்திருந்தாள் என் கிருபா.

"அக்கா, கூட்டத்தோட ஏறிட்டா போல. எனக்கு இறங்க வேண்டிய ஸ்டாப் அப்பமே போயிட்டு. பிள்ள விட மாட்டேங்கா. உதறிட்டு இறங்க மனசு வரலக்கா. பேரு கேட்டா வாயே தொறக்கல" என்று அவளும் அழுதாள்.

"கிருபா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வரவில்லை. அந்தக் கோட்டிலிருந்து ஒரு கையை எடுத்து என் கோட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கையையும் எடுத்தாள். என் ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தார்.

மறுநாளே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். துரத்திவிடுவார் என்று பயந்துதான் போனேன். அவர் புது ஃபாரம் எடுத்தார். "இப்பத்தான் எனக்கு கிருபாவையே தெரியுது. இதுக்காக எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டோம்மா" என்றார். போன தடவை வந்ததைவிட மார்க் மிகவும் குறைந்தது. அதனால் சின்ன வகுப்புக்கு மாற்றினார்கள். என் பழைய கோட்டு ஒன்று அங்கேயே இருக்கிறது. நான் வந்து கையைப் பிடிக்கும்வரை டீச்சர் ஒருவர் அவளோடு நிற்கிறார். போன மாதம் பக்கத்தில் ஒரு குட்டிப் பெண் அழுதபோது, கிருபா அந்தக் கோட்டின் ஒரு கையை அவளுக்கு நீட்டினாளாம். டீச்சர்தான் சொன்னார்.

நானும் இப்போது செக் ஷீட்டில் பார்க்காமல் டிக் போடுவதில்லை. லைனில் கிண்டல் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு பயத்தோடு இருக்கும் தாய் தகப்பன்மாரே, யாராவது ஃபாரத்தோடு வந்து உட்கார்ந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். நம் பிள்ளை எந்த வயசில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே போய்க் கையைப் பிடிக்க முடியும். ஆண்டவர் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார், நம்புங்கள்.

வகுப்பு மாற்றின அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் மறுபடி எழுந்து நின்றேன். "என் மகளுக்கு மார்க் குறைஞ்சு போச்சு, ஸ்தோத்திரம்" என்றேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கிருபாதான் முதலில் சத்தமாகச் சொன்னாள்.