எனக்கு மட்டும் தெரிந்த படம்

செண்பகம் போய்விட்டாள் என்று போன் வந்தபோது நான் திருச்சுழி பஸ்ஸில் இருந்தேன். நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸையே அருப்புக்கோட்டைக்குத் திருப்பினார். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்த செண்பகத்தை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு மருமகள் முறை. என் மிளகாய் வத்தல் கடைக்கும் அவள்தான் செய்தாள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் அதில் பாதி யோசனை என்னுடையது.

ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். வெப்சைட்டுக்கு அடித்தளமான ஃப்ரேம்வொர்க்கிலேயே கட்டளைகள் தயாராக உண்டாம். வி-ஃபார் என்று ஒரு வரி எழுதினாள்; கடையிலிருந்த வத்தல் ரகமெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

"வி-ஷோ போட்டா, மறைச்சாலும் ஆளு பக்கத்துலயே இருப்பாரு மாமா. வி-இஃப்புன்னா, நிபந்தனை பொருந்தலைன்னா ஆளே கெடையாது."

அந்த நிமிஷமே எனக்கு முழுவதும் பிடிபட்டுவிட்டது.

நான் கேட்டது ஒன்றுதான். முகப்பில் என் படம், பெரிதாக, பட்டுச் சட்டையோடு.

"வத்தல் வாங்க வாரவுக பயந்து ஓடிருவாக மாமா" என்று சிரித்தாள். மறுநாள் என் போனில் பார்த்தால் படம் ஜொலித்தது. அப்புறம் எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்தது. என் முகராசி என்று மல்லாங்கிணறு வரை சொல்லிவைத்தேன்.

துக்க வீட்டிலும் அதையே சொன்னேன். அங்கிருந்த மல்லாங்கிணற்று வியாபாரி தன் போனில் கடையைத் திறந்தார்.

"எங்கப்பா ஒம் படம்? வத்தல்தான் கெடக்கு."

இன்னும் பலர் போனில் பார்த்தோம். எதிலும் நான் இல்லை. அவளோடு வேலைபார்த்த மாரியப்பன்தான் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"நீங்க ஓனரா லாகின் பண்ணுன போன்ல மட்டுந்தான் படம் வரும் மாமா. அக்கா அப்படித்தான் எழுதுனாக."

"வி-ஷோவா?"

"வி-இஃப்பு."

மறைத்துக்கூட வைக்கவில்லை. மற்றவர்களுக்கு நான் கிடையவே கிடையாது. "ஆர்டரெல்லாம் ஒங்க மொகராசிதான் மாமா" என்று டீ வாங்கிக்கொடுத்தவள் அவள். ஊரெல்லாம் என்னைப் பெருமை பேசவிட்டு, சண்டை போடவும் ஆளில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாள்.

"நிபந்தனைய எடுத்துரவா மாமா? எல்லாரு போன்லயும் படம் தெரியும்."

வேண்டாம் என்றேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவள் எனக்கென்று மட்டும் எழுதியது அந்த ஒரு வரி. காலையில் போனைத் திறந்தால் பட்டுச் சட்டையோடு நிற்கிறேன். லாக்அவுட் மட்டும் செய்யமாட்டேன்.