நைனாவுக்காக நின்ற படகுகள்

என் நைனாவைச் சாகடித்தது நான்தான். அதுவும் கையெழுத்துப் போட்டு. எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அப்பாவை நைனா என்போம்.

எங்கள் தெருவில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான். அதனால் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான படிவங்களை, எங்கள் தெருவுக்கு அந்த வேலையைப் பார்க்கும் அங்கன்வாடி அக்கா கட்டாகக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். டிவியில் தினமும் அதைப் பற்றித்தான் சண்டை. போலி ஓட்டை நீக்குகிறார்கள் என்று ஒருவர், ஏழையின் ஓட்டைப் பறிக்கிறார்கள் என்று இன்னொருவர். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு, வாசலில் காயும் நெத்திலியைப் புரட்டிக்கொண்டு, நடுநடுவே எழுதினேன். என் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் வழுக்கியது.

எங்கள் குடும்பத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அப்படி நைனாவுக்கும், எனக்குப் பெரியப்பா முறையான அவருடைய பங்காளிக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். பெரியப்பா போன மழைக்காலத்தில் இறந்துபோனார். படிவத்தில் அச்சாகியிருந்த படங்களிலோ இரண்டு பேருக்கும் ஒரே கறுப்பு, ஒரே மீசை. பெரியப்பாவின் படிவத்தில் நைனாவின் விவரங்களை எழுதிவிட்டு, நைனாவின் படிவத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரைவுப் பட்டியல் வந்தபோது பெரியப்பா சுகமாக இருந்தார், நைனாவைக் காணோம்.

திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலை பின்னினார், அது அதைவிட மோசம். ஒரு தேர்தலையும் விடாதவர் அவர். எந்தக் கட்சி சேலை கொடுத்தாலும் அம்மா வாங்கிக்கொள்வாள். நைனா ஓட்டு யாருக்கு என்று அம்மாவுக்குக்கூடச் சொல்லமாட்டார். வாக்குச்சாவடியில் முழுப் பெயரையும் சத்தமாகப் படிப்பார்களே, அதற்காகவே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். குப்பத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மூன்றாம் நாள் என் பக்கம் திரும்பினார். “நான் செத்திருந்தா அன்னிக்கு ஒரு போட்டும் கடலுக்குப் போயிருக்காதே. அதக் கேட்டியா அந்த ஆபீஸ்ல?”

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதி மனு கொடுத்தேன். நைனாவைத் தாலுகா ஆபீசுக்கு விசாரணைக்கு நேரில் வரச் சொன்னார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வந்தால் நல்லது என்றார் அங்கன்வாடி அக்கா.

விசாரணை நாள் காலையில் கரைக்குப் போனேன். ஃபைபர் படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன. எந்த வீட்டில் சாவு என்று எதிரே வந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். அவர் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி சொன்னார்: “யாரும் சாவலமா. உங்க நைனாவுக்குத்தான் நிறுத்தியிருக்கோம். சாட்சிக்கு வர்றோம்.”

முந்தின நாளே ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவாகியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை.

இரண்டு மீன் வண்டிகளில் ஏறி வந்தார்கள். இரண்டு சாட்சி போதும் என்று தாலுகா ஆபீஸ் அதிகாரி, பாவம், மூன்று தடவை சொன்னார். கையெழுத்துப் போடாமல் ஒருவரும் நகரவில்லை. பெரியப்பாவின் பெயரை நீக்கச் சொல்லி நானும் எழுதிக் கொடுத்தேன், இந்த முறை படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு. கடைசியில் அதிகாரி நைனாவின் முழுப் பெயரைச் சத்தமாகப் படித்தார். நைனா எழுந்து நின்று, “இருக்கேன்” என்றார்.

திரும்பும்போது சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மனிதருக்குக் கோபம். குப்பத்துக்குப் போகும் ஏரிப் பாலத்தில் வண்டி ஏறியதும் காற்றைப் பார்த்து, இன்றைக்கு நல்ல மீன் கிடைத்திருக்கும் என்று புலம்ப ஆரம்பித்தார்.

“ஒருத்தன் செத்தா ஒரு நாள்தான் நிறுத்துவாங்க. எனக்குன்னு இருந்த நாள இன்னிக்கே செலவு பண்ணிட்டீங்களே. இனிமே நான் எப்டி சாவறது?”

வண்டியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “சாவவே வேணாம் நைனா” என்று அழுதேன்.