வலது முன்னங்கால்

ஸெலிபா ம்வான்ஸா பதினான்கு ஆண்டுகளாக லுவாங்வா ஆற்றங்கரைக் காட்டில் பயணிகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பச்சைச் சீருடையும், ஆண்களின் அளவில் தைத்த பூட்சும், தோளில் கனத்த துப்பாக்கியுமாக அவள் முன்னே செல்வாள். அவளுக்குப் பின்னால் வழிகாட்டி, அவனுக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பயணிகள், கடைசியில் கெட்டிலும் கூடையும் சுமந்த தேநீர்க்காரன். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. பேசுவது வழிகாட்டியின் வேலை. சுடுவது அவளுடைய வேலை. இத்தனை ஆண்டுகளில் ஒரு யானையையும் இரண்டு நீர்யானைகளையும் மட்டுமே அவள் சுட்டிருந்தாள். அவளுடைய வரிசையில் எவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதை முகாமில் எல்லோரும் சொல்வார்கள். அவள் மட்டும் சொல்லமாட்டாள்.

அவளுடைய இடது கெண்டைக்காலில் ஒரு கைப்பிடிச் சதை இல்லை. ஒன்பது வயதில் ஆற்றில் தண்ணீர் மொண்டபோது முதலை கவ்விய இடம் அது. உடன் வந்த தம்பி யோத்தாமுக்கு அப்போது ஏழு வயது. கரையில் நின்றவர்களெல்லாம் கத்தினார்கள். அவன் ஒருவன்தான் அக்காவின் கையை விடாமல் தண்ணீருக்குள் இழுபட்டுப் போனான். முதலைக்குப் பயந்து துறையில் கட்டியிருந்த வேலியின் குச்சியைப் பிடுங்கி முதலையின் கண்ணில் குத்தினான். அது வாயைத் திறக்கும்வரை குத்தினான். பின்னாளில் காவலர் தேர்வில் அவள் நொண்டியபடி வந்து நின்றபோது, பயிற்சியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது கிலோமீட்டர் நடையின் முடிவில் அவளுக்கு முன்னால் இருவர்தான் இருந்தார்கள்.

யோத்தாம் வேறு வழியில் போனான். மழை பொய்த்த இரண்டு ஆண்டுகளில் சோளம் கருகியபோது, காட்டில் கம்பிக் கண்ணி வைக்கக் கற்றுக்கொண்டான். மழை திரும்பிய பிறகும் அதை விடவில்லை. சென்ற ஆண்டு ரோந்தில் ஒற்றையடிப் பாதையோரமாக ஒன்பது கண்ணிகளை ஸெலிபா கண்டெடுத்தாள். கம்பியின் நுனியை உள்பக்கமாக மடித்துத் தட்டியிருந்த விதம் அவளுக்குத் தெரிந்த விதம். கைப்பற்றிய கம்பியை நிலையத்தில் ஒப்படைத்து அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். அவள் ஒன்பதையும் சுருட்டி ஆற்றில் எறிந்தாள். அன்று மாலையே தம்பியின் வீட்டுக்குப் போய் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் தாயின் புதைமேட்டின்மேல் சத்தியம் செய்தான், அவளும் நம்பினாள். அவளுடைய மகள் டேலிஸின் திருமணப் பேச்சு அப்போதே தொடங்கியிருந்தது. அவர்கள் சார்ந்த குந்தா மக்களில் பெண்ணுக்காகப் பேசுவதும் பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுப்பதும் தாய்மாமன்தான். தகப்பன் இருந்தாலும் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்த அக்டோபர் காலையில், நான்கு பயணிகளோடு அவள் புறப்பட்டாள். வெயில் ஏறுவதற்குள் அத்திமர நிழலில் தேநீருக்கு நின்றார்கள். தேநீர்க்காரன் லாக்சனின் குலத்துக்கும் அவளுடைய குலத்துக்கும் கேலி உறவு. எதைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் இறந்தால் பிணத்தை எடுத்து அடக்கம் செய்யும் கடமை மற்றவருடையது. பதினோரு ஆண்டுகளாக இருவரும் அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை.

“சார்ஜண்ட், இந்தா டீ. துப்பாக்கியக் கீழ வெச்சிட்டுக் குடி. அது உன் புருஷனா, ஒட்டிக்கிட்டே திரியுற?” என்றான் லாக்சன்.

“புருஷன விட மேல். கூப்பிட்ட நேரத்துக்கு வாயத் திறக்கும். உன் டீயத்தான் குடிக்க முடியல. நீர்யானை கழுவின தண்ணியா இது?”

“நீர்யானை கழுவினதுதான். நீ குளிச்ச தண்ணின்னா பயணிங்க அப்பவே செத்திருப்பாங்க.”

“நீ செத்தா நான்தான்டா குழி தோண்டணும். ஞாபகம் வெச்சுக்க. முழங்கால் ஆழத்தோட நிறுத்திடுவேன். கழுதைப்புலி பாத்துக்கும்.”

வழிகாட்டி பிலிமோன் இதைப் பயணிகளுக்கு மொழிபெயர்க்காமல் விட்டான்.

மறுபடி நடக்கத் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். வறண்ட கால்வாயை ஒட்டிய உயரமான புல்லருகே ஸெலிபாவுக்கு அழுகல் வாடை வந்தது. சிங்கம் விட்டுப்போன மிச்சமாக இருக்கலாம் என்று எண்ணிக் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினாள். அந்தக் கணத்தில் புல்லுக்குள்ளிருந்து உண்ணி கொத்தும் பறவைகள் சீறிக்கொண்டு எழுந்தன. உண்ணிப் பறவை செத்த உடம்பில் உட்காராது. அவள் துப்பாக்கியைத் தோளில் பதிப்பதற்குள் புல் பிளந்தது.

கிழட்டு ஆண் எருமை. வலது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே பூசணிபோல் வீங்கித் தொங்கியது. மூன்று கால்களில் அது வந்த வேகத்துக்கு நான்கு கால்கள் தேவைப்படவில்லை. அவளுடைய முதல் குண்டு மார்பில் பாய்ந்தது. எருமை முழந்தாளிட்டு, அதே வேகத்தில் எழுந்து வந்தது.

“ஓடாதீங்க!” என்று பிலிமோன் அலறினான். ஓடக் கூடாது என்பதை ஒவ்வொரு காலையும் மூன்று முறை சொல்வான். மூன்று பேர் மரத்தோடு மரமாக நின்றார்கள். நான்காவது பயணி, நரைத்த தாடிக்காரர், வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினார். எருமை ஸெலிபாவை விட்டு அவர் பக்கம் திரும்பியது. அவளுக்கும் எருமைக்கும் நடுவில் இப்போது மற்றவர்கள் நின்றார்கள்; சுட வழியில்லை.

லாக்சன் கூடையை உதறினான். கெட்டிலைக் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, “ஏய்! இங்க பாருடா, கிழட்டு மாடே!” என்று கத்தியபடி குறுக்கே போனான். எருமை பார்த்தது.

கொம்பு அவன் தொடையின் உள்பக்கத்தில் நுழைந்தது. தூக்கி எறிந்தது, விழுந்தவனை நெற்றியால் தரையோடு தேய்த்தது, மறுபடியும் தூக்கியது. எலும்புகள் முறியும் ஓசை காய்ந்த கிளைகள் ஒடிவதுபோல் கேட்டது. ஸெலிபா ஓடினாள். கொம்பில் மனிதன் தொங்கும்போது தொலைவிலிருந்து சுட முடியாது. இரண்டு முழ தூரத்துக்குப் போய், எருமையின் மூச்சு முகத்தில் அடிக்க, துப்பாக்கிக் குழாயைப் பிடரியில் வைத்து விசையை அழுத்தினாள். எருமை சரிந்து லாக்சனின் கால்கள்மீதே விழுந்தது.

ஐந்து பேராகப் புரட்டி அவனை வெளியே இழுத்தார்கள். பிலிமோன் இடுப்பு வாரைக் கழற்றித் தொடையில் இறுக்கினான். வாருக்கு மேலேயும் இரத்தம் பீறிட்டது. ஸெலிபா இரண்டு கைகளாலும் காயத்துக்குள் அழுத்தினாள். மணிக்கட்டு வரை சூடாக இருந்தது.

லாக்சன் அவளைத் தேடிப் பார்த்தான். “ரெண்டு குண்டா, சார்ஜண்ட்?” என்றான். “கிழவியாயிட்ட நீ.”

“வாய மூடுடா. பேசாத.”

“குழி... இடுப்பளவாவது தோண்டு.”

பதிலுக்கு ஒரு வசவை அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் போய்விட்டான்.

வாக்கிடாக்கியில் அழைத்த வண்டி வந்தபோது, பயணிகளோடு பிணத்தை ஏற்ற வேண்டாம் என்று முகாமிலிருந்து உத்தரவு வந்தது. தாடிக்காரர் மண்ணில் உட்கார்ந்து, தன் செருப்பையே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார். பிலிமோன் அவரைத் தூக்கி ஏற்றினான். “அக்கா, ரெண்டு மணி நேரத்துல லாரி அனுப்புறேன். தனியா இருப்பியா?” என்றான்.

“தனியா எங்க இருக்கேன்?” என்று அவள் தேநீர் விரிப்பை உதறி லாக்சன்மேல் போர்த்தினாள்.

வண்டி போனபின் எருமையின் காலருகே குந்தினாள். வீங்கிய சதையின் நடுவே ஒரு பள்ளம் வளையமாக ஓடியது. அதற்குள் சீழும் புழுவும். விரலை விட்டபோது அடியில் எஃகு இடறியது. கண்ணிக் கம்பி. மூன்று வாரமாக எலும்புவரை இறங்கி, அந்த விலங்கைப் பைத்தியமாக்கிய கம்பி. லாக்சனைக் கொன்றது எருமை அல்ல.

நுனி எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். இடுப்பில் கத்தி இருந்தது. ஒரு கீறல் போதும். ஆனால் அவள் கத்தியை எடுக்கவில்லை. ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் கண்ணி வைப்பவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவனாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். பிறகு இரத்தம் ஊறிக் குழைந்த சேற்றைக் கைநிறைய அள்ளி அந்தப் பள்ளத்தை மெழுகி மூடினாள். தற்காப்புக்காகச் சுட்ட விலங்கின் இறைச்சி ஊருக்கு உரியது. ஊர் வரும். வைத்தவன் எவனோ, அவனும் வருவான். சேற்றுக்கடியில் அந்தக் காலுக்குள் கம்பி இருக்கிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கழுகுகள் வட்டமிடும் முன்பே ஆட்கள் வந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டு, வற்றிய ஆற்றைக் கடந்து, கோடரியும் கத்தியும் தகரப் பாத்திரங்களுமாக நாற்பது பேர் இருக்கும். லாக்சனின் முகத்தைத் திறந்து பார்த்த பெண்கள் தரையில் விழுந்து புரண்டு ஓலமிட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு அந்த ஓலத்தினூடேயே முதல் கோடரி விழுந்தது. பசிக்கு இழவு தெரியாது. அதை அங்கே யாரும் குற்றமாக எண்ணவுமில்லை.

வயிறு கிழிபட்டதும் குடல் சரிந்து, நான்கைந்து பேர் முழங்கால் அளவு இரத்தத்தில் நின்றார்கள். ஈரலுக்கு இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கத்தி வழுக்கி அடுத்தவன் விரலைச் சீவியது. விரலை இழந்தவன் மற்ற கையால் அவன் மூக்கை உடைத்தான். “திமில் எனக்குடா! போன தடவை உன் மாமியாதான தின்னா!” “தின்னதுலதான செத்தா!” என்று சிரிப்பும் எழுந்தது.

யோத்தாம் கடைசியாக வந்தான். அக்காவைப் பார்த்தான், போர்த்திய உடலைப் பார்த்தான், அதன் பிறகு எருமையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஈரலிடமும் போகவில்லை, தொடையிடமும் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வலது முன்னங்காலருகே போய்க் கோடரியை ஓங்கினான்.

“யோவ் மச்சான், அது அழுகல்!” என்று ஒருவன் கத்தினான். “இவ்வளவு பெரிய எருமைல உனக்குப் புழு வெச்ச கால்தானா கெடச்சுது?”

“நாய்க்குடா. நாய்க்குக் கேட்டா உனக்கென்ன?”

“உன் நாய் கூட மோந்து பாக்காது. இந்தா, விலா எலும்பு தரேன், எடுத்துக்க.”

“வேணாம். இதுவே போதும்.”

மூன்று வெட்டில் கால் கழன்றது. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு புல் பக்கமாக நடந்தான். ஸெலிபா எழுந்தாள்.

“யோத்தாம். அத இங்க வை.”

“நாறுது அக்கா. ஆத்துல போட்டுட்டு வரேன்.”

“ஆத்துல போடுற வேலைய நான் போன வருஷமே செஞ்சுட்டேன். கீழ வை.”

ஓலமும் வெட்டும் ஓரோர் இடமாக நின்றன. அவன் வைக்கவில்லை. அவள் அவன் கையிலிருந்து காலைத் தட்டிவிட்டு, பூட்ஸால் மிதித்து, கத்தியால் சேற்றையும் சதையையும் ஒரே இழுப்பில் பிளந்தாள். கம்பி வெளியே வந்தது. நுனி உள்பக்கமாக மடித்துத் தட்டப்பட்டிருந்தது.

“யாருதோ... எனக்கு எப்படித் தெரியும்?”

“இத்தனை கறி கெடக்கு. இந்தக் கால்தான்னு எப்படித் தெரிஞ்சுது?”

அவன் முகம் மாறியது. “நான் இல்லன்னா நீ முதலை வயித்துல மக்கிப் போயிருப்ப! மறந்துட்டியா? அந்தக் கால வெச்சுத்தான இப்ப என் முன்னாடி நிக்குற?”

“மறக்கல. அதனாலதான் போன வருஷம் உன்னை விட்டேன். அன்னிக்கே பிடிச்சுக் குடுத்திருந்தா லாக்சன் இப்ப எனக்கு டீ ஊத்திட்டு இருப்பான்.”

அவன் கோடரியை ஓங்கினான். பயமுறுத்துவதற்கா, வெட்டுவதற்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் யோசிக்கவில்லை; துப்பாக்கியின் அடிக்கட்டை அவன் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த ஓசை எல்லோருக்கும் கேட்டது. கீழே விழுந்தவன் இடக்கையால் மறுபடி கோடரியைத் தேடினான். அவள் அந்தக் கையையும் மிதித்தாள். அவன் அவளுடைய கெண்டைக்காலைக் கடித்தான். அவள் காலை உதறவில்லை. இன்னொரு முறை அடித்தாள், வாயில். பல்லும் இரத்தமுமாக அவன் விட்டபோது, முழங்காலை அவன் முதுகில் ஊன்றிக் கைவிலங்கை மாட்டினாள்.

“கூடப் பிறந்தவன்டி!” என்று ஒரு பெண் அலறினாள். “உன் பொண்ணுக்கு யாரு பேசுவா இனிமே?”

“யாரும் பேச வேணாம். அவளே பேசிக்கட்டும்” என்றாள் ஸெலிபா.

லாரி வந்தபோது எருமையின் இடத்தில் கறுத்த மண் மட்டுமே இருந்தது. லாக்சனைத் தூக்கிப் பலகையில் கிடத்தினார்கள். அவனுடைய தலைமாட்டில் யோத்தாமை உட்காரவைத்து, ஒரு கையை லாரியின் கம்பத்தோடு பூட்டினாள். எதிரில் துப்பாக்கியோடு அவள் உட்கார்ந்தாள். மடியில் கம்பிச் சுருள்.

“போன வருஷத்து ஒன்பது கம்பியையும் சேத்துத்தான் எழுதுவேன்” என்றாள்.

“உன் வேலை போயிடும்.” உடைந்த வாயால் அவன் சொன்னது பாதிதான் விளங்கியது.

“போகும்.”

ஆற்றோரப் பாதையில் யானைகள் மழைக்காலத்தில் மிதித்த குழிகள் கல்லாக இறுகிக் கிடந்தன. முதல் குழியில் லாரி விழுந்து எழுந்தபோது, லாக்சனின் தலை பலகையில் மோதி, விரிப்பு நழுவி, பக்கவாட்டில் சாய்ந்தது. கெட்டில் உருண்டு ஓடியது. யோத்தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“தலையப் பிடி” என்றாள் ஸெலிபா.

அவன் அசையவில்லை. அடுத்த குழி வந்தது.

“பிடிடா. நிலையம் வர வரைக்கும் விடாத. உனக்குத்தான் விடாமப் பிடிக்கத் தெரியுமே.”

யோத்தாம் பூட்டப்படாத கையை மெல்ல நீட்டி, அந்தத் தலையைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு குழியிலும் முறிந்த எலும்பு அவனைக் கூவவைத்தது. கையை மட்டும் அவன் எடுக்கவில்லை.