வேஸ்ட் துணி சண்முகம்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் யாராவது கமலம்மாவிடம், "உங்க மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டால், அந்த அம்மாள் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, "துணி யாவாரம்" என்பார். சண்முகம் பக்கத்தில் இருந்துவிட்டால் விடமாட்டான். "வேஸ்ட் துணி அத்தே, சரியா சொல்லு" என்று திருத்துவான். மருமகனையும் வேஸ்ட் என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல எந்த மாமியாருக்கு வாய் வரும்?

ஆனால் அவன் தொழில் அதுதான். விசைத்தறிகளில் பழுதாகிக் கழித்த துண்டு, அளவு குறைந்துபோன லுங்கி, முனையில் வெட்டிப்போட்ட துணி எல்லாவற்றையும் எடைக்கு வாங்கி வருவான். சலவைச் சோடா போட்டு வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்கி, காயவைத்து, கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, மூட்டை கட்டி விற்பான். தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க அந்தத் துணி வேண்டும். வாங்குவதும் கொண்டுபோவதும் சண்முகம். வெட்டுவதும் தரம் பிரிப்பதும் அவன் மனைவி ரோஹிணி.

இந்த யோசனை அவனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நகரித் தெருக்களிலிருந்து பையன்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைப் பக்கம் போனார்கள். தறியில் உட்கார வேண்டிய சண்முகமும் போனான். கார் உதிரிபாகம் செய்கிற ஆலையில் ஒப்பந்த வேலை. நாளெல்லாம் இயந்திரம் துடைப்பான். துடைக்கிற துணி எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கும். 'இந்தத் துணியா? எங்க ஊர்ல இத்த அடுப்புல போட்றாங்களே' என்று அன்றைக்கே நினைத்தான். பல வருஷம் கழித்து அவன் நைனா படுக்கையில் விழுந்தபோது ஊருக்குத் திரும்பியவன், அவர் தேறி எழுந்த பிறகும் ஆலைக்குப் போகவில்லை. வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்து, கத்தரிக்கோலோடு தொடங்கிவிட்டான்.

புத்தூரிலும் திருப்பதியிலும் இருந்த லாரிப் பட்டறைகள் வாங்கின. ஆனால் பட்டறைக்காரர்கள் எப்போதாவது ஒரு மூட்டை வாங்குகிறவர்கள். சத்தியவேடு பக்கம் புதிது புதிதாக ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் போக முடிந்தால் பிழைத்தோம் என்று சண்முகத்துக்குத் தெரியும். போனான். வாசலிலேயே காவலாளி, "லோப்பலிக்கி போகூடது, மெயில் பெட்டண்டி" என்று கையை நீட்டி மறித்துவிட்டார். உள்ளே போகக்கூடாது, மெயில் அனுப்பு என்றால் யாருக்கு அனுப்புவது? அதைக் கேட்டதற்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

எதிரே டீக்கடையில் நின்றபோதுதான் கோபிகிருஷ்ணன் பழக்கமானான். இயந்திர எண்ணெய் விற்கிற கம்பெனியின் விற்பனை ஆள். ஊர் கங்காதர நெல்லூர். சண்முகத்தின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணா, கேட்டாண்ட நின்னு பிரயோஜனம் இல்ல. பர்சேஸ் மேனேஜருங்கல்லாம் போன்ல ஒரு எடத்துல உக்காந்துகினு கீறாங்க. அங்க போய்ப் பாருங்க."

வேலைக்காரர்களும் வியாபாரிகளும் ஒருவரையொருவர் தேடிப் பழகிக்கொள்வதற்கென்றே இருக்கிற ஒரு தளம் அது. சண்முகம் கடைசிவரை அதற்கு 'ஆபீஸ் பேஸ்புக்' என்றுதான் பெயர் வைத்திருந்தான். டீ ஆறுவதற்குள் கோபி கணக்குத் திறந்துகொடுத்தான். தொழில் என்ன என்று கேட்ட இடத்தில், "பவுண்டர், சி.இ.ஓ.ன்னு போட்றவா?" என்றான்.

"வேணாம்பா. நானும் என் சம்சாரமும் வேஸ்ட் துணி விக்கிறோம்னு போடு."

"நல்லா இருக்காதுண்ணா."

"நெசமா இருக்கும்ல?"

அப்படியே இங்கிலீஷில் போட்டான் கோபி. அடுத்து, 'கனெக்ஷன்' கேட்க வேண்டும் என்றான். அப்படியென்றால் என்ன என்று சண்முகம் கேட்டான். கோபி தலையைச் சொறிந்துவிட்டு, "சம்பந்தம்னு வெச்சிக்கோங்களேன்" என்றான்.

அந்த ஒரு சொல்தான் சண்முகத்தைப் பிடித்துக்கொண்டது. சம்பந்தம் என்றால் நல்லது கெட்டதுக்குப் போக வேண்டாமா? விசாரிக்க வேண்டாமா? அன்றிலிருந்து மத்தியானம் மூட்டை கட்டி முடித்ததும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து போனை எடுப்பான். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குப் பதவி உயர்வு, யார் புது ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று பார்ப்பான். இங்கிலீஷில் தட்டச்சு வராது. போனிடம் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாழ்த்துச் சொல்லி, கடைசியில் தவறாமல், "சாப்டீங்களா சார்?" என்று சேர்ப்பான்.

"இன்னிக்கி எத்தினி பேரு சம்பந்தம் ஆனாங்க?" என்று கத்தரியை நிறுத்தாமலே கேட்பாள் ரோஹிணி.

"ரெண்டு பேரு. ஒருத்தரு பெங்களூரு. ஒருத்தரு நம்ம தடா பக்கம்."

"துணி கேட்டாங்களா?"

"பழகுனவொடனே யாவாரம் பேசுவாங்களா எங்கயாச்சும்?"

இப்படியே வருஷங்கள் ஓடின. அவன் கணக்கில் ஆயிரத்துக்கு மேல் சம்பந்திகள் சேர்ந்தார்கள். சிலர் நன்றி என்றார்கள். பலர் கண்டுகொள்ளவில்லை. யாரோ ஒருவர் அவன் எழுதியதைப் படம் பிடித்துத் தன் நண்பர்களுக்குப் போட்டுச் சிரித்திருந்தார். கோபி அதைக் காட்டியபோது, "சிரிச்சாரில்ல, நல்லதுதான்" என்றான் சண்முகம். துணி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சம்பந்திகளில் அண்ணாதுரை என்று ஒருவர். சித்தூர்க்காரர், சத்தியவேடு பக்கம் பெரிய ஆலையில் கொள்முதல் மேலாளர். அவருடைய எல்லா விசேஷத்துக்கும் சண்முகம் எழுதியிருக்கிறான். ஒருமுறைகூடப் பதில் வந்ததில்லை. ஒருநாள் அவர் பெயருக்குக் கீழே 'ஆலோசகர்' என்று புதிதாக ஒரு சொல் முளைத்திருந்தது. புது உத்தியோகம் என்று நினைத்த சண்முகம் உற்சாகமாகப் பேசி அனுப்பினான்: "புது வேலைக்கு வாழ்த்துகள் சார். புது ஆபீஸ்ல சாப்பாடு எல்லாம் நல்லா இருக்குதா? சாப்டீங்களா?"

பதில் உடனே வந்தது. "எந்த ஆபீஸ்? கணக்கு முடிச்சு வெளிய அனுப்பிட்டாங்க. வீட்டுல உக்காந்திருக்கேன். கிண்டல் பண்ணணும்னா வேற ஆளைப் பாருங்க."

சண்முகத்துக்கு முகம் கறுத்துவிட்டது. போனை ரோஹிணியிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டு, "அய்யய்யோ, பாவம்யா. எந்த நேரத்துல போய் இன்னா கேட்டுகீற பாரு" என்றாள்.

"தெரியாம கேட்டுட்டேன்டி."

"என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவராண்ட போய்ச் சொல்லு."

மன்னிப்புக் கேட்டு எழுதினான், பதில் இல்லை. கோபியைப் பிடித்து வீடு எங்கே என்று விசாரித்தான். திருப்பதியில் பைராகிப்பட்டெடா பகுதி என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சண்முகமும் ரோஹிணியும் பஸ் ஏறினார்கள். மடியில் ஒரு பை நிறைய மாம்பழம். வடமாலபேட்டை தாண்டும்போது சண்முகத்துக்குச் சந்தேகம் வந்தது. "மேனேஜருக்குப் பழம் குடுத்தா தப்பா நெனச்சிக்க மாட்டாரா?"

"வேலைல கீறப்ப குடுத்தாதான் லஞ்சம். இப்ப குடுத்தா அது வெறும் பழம்தான்" என்றாள் ரோஹிணி.

கதவைத் திறந்தவர் அண்ணாதுரையின் மனைவி கல்பனா. உள்ளே அவர் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சண்முகம் வாசலிலேயே, தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில், ஆரம்பித்துவிட்டான். "சார், உங்க வேலை போனது எனுக்குத் தெரியாது சார்! தெரிஞ்சிருந்தா..."

எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணாதுரை பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க! அக்கம்பக்கத்துல இன்னும் சொல்லல."

சண்முகம் அப்படியே குரலை அடக்கி, ரகசியம் பேசுகிறவனைப் போல, "தப்பு ஆயிடுச்சி சார்" என்றான். அவன் கிசுகிசுத்த விதத்தைப் பார்த்துக் கல்பனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை. அண்ணாதுரை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள் அவர் சிரித்தாரா அழுதாரா என்று சண்முகத்துக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று கல்பனா சொல்லிவிட்டார். ரோஹிணி அடுப்படிக்குள் போய்த் தேங்காய் துருவினாள். சாப்பிடும்போது அண்ணாதுரை மெல்லப் பேசத் தொடங்கினார். "இருபத்தஞ்சு வருஷம் எத்தனையோ பேருக்கு ஆர்டர் கொடுத்திருக்கேன். வேலை போன அன்னைக்கிலேர்ந்து ஒருத்தன்கூட போன் பண்ணல. நீங்க பழத்தோட வந்திருக்கீங்க. நான் உங்ககிட்ட ஒரு பைசாவுக்கு வாங்குனதில்லையே?"

"இல்ல சார்."

"நீங்க என்னதான் பண்றீங்க?"

"வேஸ்ட் துணி சார்."

அண்ணாதுரை சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவனையே பார்த்தார். "எங்க ஆலைக்கு மாசம் லாரி லாரியா அது வந்துகிட்டிருந்தது. ஏன்யா ஒரு தடவை சொல்லக் கூடாதா? இத்தனை வருஷமா சாப்டீங்களா, சாப்டீங்களான்னு கேட்டீங்க. என்ன விக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"பேருக்குக் கீழ போட்டுருந்தேனே சார்."

"யாரு படிச்சா அதை?"

ரோஹிணி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நான் சொன்னா கேக்கறாரா? நீங்க சொல்லுங்க சார், நல்லா சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வாரம் அண்ணாதுரை நகரிக்கு வந்தார். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்றார். ரோஹிணி அவரைச் சும்மா விடவில்லை. வெள்ளையையும் கலரையும் பிரித்துப் போடச் சொன்னாள். அவர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு துணிக்குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அலசாத துணியில் ஒரு சொட்டு எண்ணெய், அலசிய துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போனில் படம் எடுத்தார். முதல் துணியில் எண்ணெய் முத்தாக நின்றது. இரண்டாவதில் பரவி உறிஞ்சிப்போயிருந்தது. அந்த இரண்டு படத்தையும், கத்தரியோடு உட்கார்ந்திருக்கும் ரோஹிணியின் படத்தையும் சண்முகத்தின் கணக்கில் போட்டார். என்ன துணி, என்ன அளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று எளிய இங்கிலீஷில் எழுதினார்.

"எல்லாரையும் வாங்கச் சொல்லிக் கேக்கற மாதிரி இருக்குதே சார்" என்று நெளிந்தான் சண்முகம்.

"கேக்கத்தான்யா கடை வெச்சிருக்கீங்க."

சம்பந்திகள் அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள். ஓ, இந்தச் 'சாப்டீங்களா' ஆள் இதைத்தான் விற்கிறாரா என்று ஒருவர் எழுத, அவருக்குக் கீழே இன்னொருவர் எழுத, மூன்றாம் நாள் பிரியங்கா என்ற பராமரிப்புப் பொறியாளர் மாதிரி மூட்டை ஒன்று கேட்டார். அந்த வருஷப் பிறந்தநாளுக்குத் தனக்கு முதலில் வாழ்த்துச் சொன்னது சண்முகம்தான் என்றும் எழுதியிருந்தார். அவன் அந்த வரியை ரோஹிணிக்கு இரண்டுமுறை படித்துக்காட்டினான்.

மாதிரி பிடித்துப்போனது. ஆனால் முதல் பெரிய ஆர்டரே சறுக்கிவிட்டது. வெள்ளைக்கு நடுவில் சிவப்பு லுங்கித் துண்டு ஒன்று கலந்துபோய், ஆலையில் ஓர் இயந்திரத்தின் வெள்ளை மூடிமேல் சாயம் இறங்கிவிட்டது. மூட்டைகள் திரும்பி வந்தன. அந்தச் சிவப்பு தன் பக்கக் குவியலில் இருந்ததுதான் என்று அண்ணாதுரை தானாகவே ஒப்புக்கொண்டார். ரோஹிணி அவரைத் திட்டவில்லை. "கண்ணாடி மாத்துங்க சார்" என்று மட்டும் சொன்னாள். சண்முகம் நேரில் போய் அந்த மூடியைத் தன் கையாலேயே துடைத்துக் கொடுத்தான். சாயம் முழுசாகப் போகவில்லை. பிரியங்கா இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். கலர்த் துணியை அன்றோடு விட்டார்கள். வெள்ளை மட்டும்தான் என்று கணக்கிலும் எழுதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வேலை பிடித்துக்கொண்டது. வெட்டுகிற இயந்திரம் வந்தது. தெருவில் இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அண்ணாதுரை ஏறக்குறைய ஒரு வருஷம் பஸ்ஸில் வந்துபோனார். தன் பழைய நண்பர்களுக்குப் போன் போட்டு, "என் ஆள் ஒருத்தர் இருக்கார்" என்பார். சம்பளம் தருகிறேன் என்று சண்முகம் சொன்னதற்கு, மத்தியானச் சோறு போதும் என்றுவிட்டார். புனேயில் ஒரு வேலை கிடைத்தபோது அவருக்குச் சந்தோஷமும் இருந்தது, போக மனமில்லாமலும் இருந்தது. ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரோஹிணி புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். கல்பனா அவளைக் கட்டிக்கொண்டார். ஆண்கள் இருவரும் வண்டி லேட்டா, எந்தப் பெட்டி என்று வேண்டாததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கமலம்மாவும் மாறிவிட்டார். யாராவது கேட்டால், "கம்பெனிகளுக்குத் துணி அனுப்பறாரு" என்கிறார். வேஸ்ட் என்ற சொல்லை மட்டும் இன்னும் சேர்ப்பதில்லை.

போன மாதம் பலமனேரிலிருந்து சின்னசாமி என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரும் இதே தொழிலைத் தொடங்க வேண்டுமாம். எப்படிச் செய்வது என்று சொல்வீர்களா என்று கேட்டிருந்தார். சண்முகம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, எங்கே வாங்குவது, எந்த அளவில் வெட்டுவது, யாரைப் பார்ப்பது என்று ஒன்றுவிடாமல் போனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"போட்டிக்கு ஆள் சேக்கறியா?" என்றாள் ரோஹிணி.

"பலமனேரு எங்க, நகரி எங்க? பெங்களூரு ரோட்டுல கீற ஆலைக்கு அவரு குடுக்கட்டுமே."

அவள் மூட்டைக்குக் கயிறு போட்டு இறுக்கினாள். அவன் எல்லாம் சொல்லி முடித்து, சாப்டீங்களா என்றும் கேட்டு, அனுப்பப் போனான்.

"இரு, அனுப்பிடாத" என்றாள். "எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ சோடான்னு சொல்லவே இல்லியே. பாவம், அந்த மனுசன் துணிய வேகவெச்சிட்டு நிக்கப்போறாரு. குடு இப்டி, நான் சொல்றேன்."

கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, அவள் சொல்ல ஆரம்பித்தாள்.