குறட்டைக்காரிக்கு ஒரு பாய் அகலம்

ஆமிக்குப் பயந்த அளவுக்கு என் குறட்டைக்கும் பயந்தார்கள் அந்த மண்டபத்துச் சனங்கள். பொய்யில்லை. வவுணதீவுப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும், நானும் அம்மாவும் தோணியில் வாவியைக் கடந்து தன்னாமுனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அகதிகளாக இருந்தோம். ஒவ்வொரு குடும்பமும் வகுப்பு வெண்கட்டியை எடுத்துச் சீமெந்துத் தரையில் பெட்டி கீறிக்கொண்டது. கோட்டுக்குள் இருப்பது வீடு. கோட்டை மிதித்தால் சண்டை.

எங்கள் பெட்டி ஓர் இரவுதான் நிலைத்தது. டொன்சில் வீங்கித் தொண்டையை அடைத்திருந்ததால் வாயைத் திறந்தபடிதான் தூங்குவேன். மரம் அரிவது போலச் சத்தம் வரும். “சத்தம் கேட்டு ஆமி உள்ள வந்தா ஆரு புள்ள பதில் சொல்ற?” என்று அம்மாவிடம் பாய்ந்தார் பக்கத்துப் பெட்டிக்காரர். குறட்டை விட்டவளைத் தேடியா ஆமி வரும், மடையன்! இன்றைக்கு என்றால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். அன்று அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தை மூலைக்குப் போனார்.

பிள்ளைகள் எனக்குக் ‘குறட்டை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சோறு விழுங்க நோகும். நான் மெல்லத் தின்று சோற்றுக் கோப்பையைக் கழுவி வரும்போது விளையாட்டு முடிந்திருக்கும். அடிக்கடி காய்ச்சல் வேறு. பொழுதுபட்டால் மண்டபத்து நடுவில் பெண்பிள்ளைகள் வரிசையாகப் படுத்துக் குசுகுசுவென்று கதை பேசுவார்கள். நான் யன்னலுக்கு வெளியே கிடந்து கேட்பேன். அந்த வரிசையில் ஒரு பாய் அகலம் இடம் கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

டவுன் பெரியாசுபத்திரியில் ஒப்பரேசன் செய்வோம் என்றார்கள். அம்மா அழுதார், நான் துள்ளினேன். புறப்படும்போது அதே பக்கத்துப் பெட்டிக்காரரின் பெண்சாதி என் தலையைத் தடவினார். “பயப்படாமப் போயிற்று வா மகள். சுகமாகி வந்தா மறுகா நம்மட புள்ளயளோட நடுவுல படுக்கலாம். இடம் வைக்கிறம்.”

ஆசுபத்திரி வாட்டில் கண் விழித்தபோது தொண்டை நெருப்பாக எரிந்தது. அம்மாவைக் கூப்பிடக் குரல் வரவில்லை. ‘இடம் வைக்கிறம்’ என்ற அந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு ஆமி பாதையைப் பூட்டிவிட்டது. டவுனிலேயே பெரியம்மா வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு காலை திடுக்கிட்டுப் போனேன்.

“அம்மா, வாவி மணக்குது!”

“அது எப்பவும் மணக்கிறதுதானே, புள்ள.”

மூக்கும் அடைத்துக் கிடந்த எனக்கு மணந்ததில்லையே! ஒரு கோப்பை சோற்றை நோகாமல் தின்றேன். தூங்கினால் சத்தமே இல்லை. குறட்டைக்குப் பழகிப்போன அம்மாதான் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். “இப்பிடிச் சத்தமில்லாமப் படுக்காதடி, பயமாக் கிடக்கு.”

பாதை திறந்ததும் தன்னாமுனைக்கு பஸ் ஏறினோம். இறங்கியதும் அம்மாவை விட்டுவிட்டு ஓடினேன்.

மண்டபம் வெறுமையாகக் கிடந்தது.

“எல்லாரையும் போன கிழமை ஊருக்கு ஏத்தி அனுப்பிட்டாங்க மகள்,” என்றார் காவலாளி.

கோடுகள் மட்டும் அழியாமல் இருந்தன. பெண்பிள்ளைகள் படுக்கும் நடுவிடத்தில் புதிதாக ஒரு சின்னப் பெட்டி. உள்ளே கோணல் எழுத்தில் ‘குறட்டை’ என்று எழுதியிருந்தது. சொன்னபடி இடம் வைத்திருந்தார்கள்.

நான் அந்தக் கோட்டுக்குள் படுத்தேன். “எழும்பு மகள், பஸ் போயிரும்,” என்றார் பின்னால் வந்த அம்மா. நான் வாயை மூடி மூச்சு விட்டேன். இஞ்ச பாருங்க, சத்தமே இல்ல என்று காட்ட அங்கே ஒருத்தியும் இல்லை.